இங்கிலாந்தில் வீடு வாங்குவோருக்கு: சொலிசிட்டர், சீட்டுக்காசு, சீதன வீடு

"உங்கள் விலைக்குச் சம்மதித்துவிட்டார்கள்" என்று வீட்டு முகவர் சொன்ன அன்றே பால் காய்ச்ச நாள் பார்க்கிறவர்கள் நம்மில் உண்டு. சட்டத்தின் கண்ணில் அந்தச் சம்மதத்துக்கு மதிப்பில்லை. வீடு, காணி விற்பனை எழுத்தில் இருக்க வேண்டும், இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும் என்கிறது 1989ஆம் ஆண்டுச் சட்டம். கையெழுத்திட்ட ஒப்பந்தங்கள் இரு தரப்புக்கும் இடையே கைமாறும் நாள் வரை விற்பவர் கூடுதலாகத் தருபவரிடம் போகலாம். நீங்களும் காரணம் சொல்லாமல் விலகலாம். வீட்டின் நிலையைப் பார்க்கும் சர்வேக்கும் வாங்கலைக் கையாளும் சட்டத்தரணியான சொலிசிட்டருக்கும் அதுவரை செலவான காசு மட்டும் பெரும்பாலும் திரும்பாது. ஸ்காட்லாந்தில் முறையே வேறு. அங்கே வாங்குகிறவர்கள் இதைப் பின்பற்ற வேண்டாம்.

ஆகவே வீடு பிடித்த பிறகு சொலிசிட்டரைத் தேடாமல், வீடு பார்க்கத் தொடங்கும்போதே தேடுங்கள். சொலிசிட்டர்தான் வேண்டும் என்பதும் இல்லை. வீட்டுக் கைமாற்றத்தை மட்டுமே தொழிலாகச் செய்யும் உரிமம் பெற்ற கன்வேயன்சர்களும் அதே வேலையைச் செய்யலாம். முன்னவர்களைச் சொலிசிட்டர்கள் ஒழுங்காற்று ஆணையமும் பின்னவர்களை உரிமம் பெற்ற கன்வேயன்சர்கள் மன்றமும் கண்காணிக்கின்றன. இரண்டின் இணையதளத்திலும் பெயரைத் தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

வீட்டு முகவர் ஒரு சொலிசிட்டரைப் பரிந்துரைத்தால் அதற்கு அவருக்குத் தரகு கிடைக்கக்கூடும். கிடைக்கிறதா என்று கேளுங்கள், அவர் சொல்லியாக வேண்டும். அவர் காட்டும் ஆளைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. தமிழ் பேசுகிறார் என்பது வசதி, அதுவே தகுதி ஆகிவிடாது. தெரிந்தவரிடமிருந்து வீடு வாங்கும்போது, "ஒரே சொலிசிட்டர் இரண்டு பக்கத்தையும் பார்க்கட்டும், காசு மிச்சம்" என்பார்கள். விற்பவரின் நலனும் உங்கள் நலனும் மோதும் இடம் அது. நல்ல சொலிசிட்டர் மறுத்துவிடுவார்.

விளம்பரத்தில் உள்ள கட்டணம் பெரும்பாலும் பாதிக் கதைதான். லீஸ்ஹோல்ட் (குறிப்பிட்ட ஆண்டுகளுக்குக் குத்தகையாக மட்டும் கிடைக்கும் வீடு) என்றால் ஒரு தொகை, அன்பளிப்புப் பணம் இருந்தால் ஒரு தொகை, வங்கிக்குப் பணம் அனுப்ப ஒரு தொகை, வரிப் படிவம் நிரப்ப ஒரு தொகை, கட்டணத்தின் மேல் 20 சதவீத வாட் வரி என்று அடியில் சேர்ந்துகொண்டே போகும். எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். அதோடு இன்னும் இரண்டு கேள்விகள்: எனக்குக் கடன் தரும் வங்கியின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறீர்களா? என் கோப்பை நாள்தோறும் பார்க்கப்போவது யார்? இரண்டாவது கேள்விக்கு மழுப்பலான பதில் வந்தால் வேறு இடம் பார்ப்பது நல்லது என்பேன்.

நம்மவர்களின் கோப்பு முடங்குவது பெரும்பாலும் பணத்தின் மூலத்தில்தான். பணச் சலவையைத் தடுக்கும் 2017ஆம் ஆண்டு விதிகளின்படி, முன்பணம் எங்கிருந்து வந்தது என்று சொலிசிட்டர் கேட்டே ஆக வேண்டும். உங்கள் வங்கி அறிக்கையில் 18,000 பவுண் மூன்று பேரின் கணக்கிலிருந்து ஒரே வாரத்தில் வந்திருக்கிறது என்று வையுங்கள். அது சீட்டு எடுத்த காசு என்பது உங்களுக்கும் சீட்டுப் பிடிக்கிறவருக்கும் தெரியும். சொலிசிட்டர் அலுவலகத்தில் கோப்பைப் பார்க்கும் பெண்ணுக்கு அது அறிமுகமில்லாத மூன்று பெயர்கள். மாதாமாதம் நீங்கள் கட்டியது வங்கி வழியாகப் போயிருந்தால் விளக்கலாம். கையில் கொடுத்திருந்தால் சீட்டுக் கொப்பி மட்டும் பல இடங்களில் எடுபடாது. வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் இன்றிலிருந்தே சீட்டுக்காசை வங்கி வழியாகக் கட்டுங்கள்.

கனடாவில் இருக்கும் அண்ணன் தந்த பணம் என்றால் அவருடைய அடையாள ஆவணமும் வங்கி அறிக்கையும் கேட்பார்கள். இது அன்பளிப்பு, திருப்பித் தர வேண்டியதில்லை, வீட்டில் எனக்குப் பங்கில்லை என்று அவர் கையெழுத்திட வேண்டும். உண்மையில் அது கைமாற்றுக் கடன் என்றால் அந்தக் கடிதத்தை எழுத வைக்காதீர்கள். கடன் தரும் வங்கியிடம் பொய் சொல்வதாகிவிடும்.

அடுத்தது, வீடு வாங்கும்போது அரசுக்குக் கட்டும் முத்திரை வரி. பலர் இதில்தான் அதிர்ந்துபோகிறார்கள். இங்கிலாந்தில் 2025 ஏப்ரல் முதல், முதல்முறை வாங்குகிறவருக்கு 3,00,000 பவுண் வரை வரி இல்லை. அதற்கு மேல் 5,00,000 வரையான பகுதிக்கு 5 சதவீதம். விலை ஐந்து லட்சத்தைத் தாண்டினால் சலுகை முழுவதும் போய்விடும். 'முதல்முறை' என்பது உலகில் எங்குமே வீடு உங்கள் பெயரில் இருந்ததில்லை என்று பொருள். மரபுரிமையாக வந்ததும் கணக்கில் சேரும். யாழ்ப்பாணத்தில் மனைவி பெயரில் சீதன உறுதி எழுதிய வீடு இருந்து, இருவரும் சேர்ந்து வாங்கினால் இருவருக்குமே சலுகை இல்லை.

அந்த வீட்டில் அவருக்குள்ள பங்கு 40,000 பவுணோ அதற்கு மேலோ பெறுமதியானால் கூடுதல் வீட்டுக்கான 5 சதவீத வரியும் முழு விலைக்கும் ஏறும். சேர்ந்து வாழும் கணவனும் மனைவியும் இதற்கு ஒரே ஆள்தான். கணவன் மட்டும் தன் பெயரில் வாங்கினாலும் தப்ப முடியாது. 4,50,000 பவுண் வீட்டுக்குச் சலுகையோடு வரி 7,500. சலுகை போனால் 12,500. கூடுதல் வரியும் சேர்ந்தால் 35,000. விதிவிலக்குகள் சில உண்டு. அதனால் ஊர்க் காணியைப் பற்றி முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். படிவத்தை நிரப்புவது சொலிசிட்டர் என்றாலும் கணக்குப் பிழைத்தால் பொறுப்பு உங்களுடையது. வேல்ஸில் வரியும் அளவுகளும் வேறு.

தேடல்கள் என்று ஒரு செலவு வரும். கவுன்சில், தண்ணீர் வடிகால், சுற்றுச்சூழல் பதிவுகளைப் பார்ப்பது அது. கூரைக்குள் அறை எடுத்த வீடு என்றால் கட்டட விதிச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் "காப்புறுதி எடுத்துவிடலாம்" என்பார்கள். கவுன்சில் நடவடிக்கை எடுத்தால் அது கைகொடுக்கும்; உத்தரம் பாரம் தாங்குமா என்பதற்குப் பதில் சொல்லாது. அதைச் சொல்ல உங்கள் சர்வேயர் வேண்டும். வங்கி செய்யும் மதிப்பீடு வங்கிக்காகத்தான். ஒன்று கவனம்: ஆர்வத்தில் நீங்களே கவுன்சிலுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்டுவிட்டால் அந்தக் காப்புறுதி கிடைக்காமலே போகலாம்.

லீஸ்ஹோல்ட் அடுக்குமாடி என்றால் எத்தனை ஆண்டு மிச்சம் என்பதே முதல் கேள்வி. 80 ஆண்டுக்குக் கீழே இறங்கிய குத்தகை விலை மலிவாகத் தெரிவதற்குக் காரணம் இருக்கிறது: அதை நீட்டிக்கச் செலவு கூடும்.

ஒப்பந்தம் கைமாறும்போது வழக்கமாக விலையில் 10 சதவீதம் கட்டுவீர்கள். அதன்பின் விலகினால் அது போய்விடும். வீட்டுக் காப்புறுதியையும் சாவி கிடைக்கும் நாளிலிருந்து அல்ல, அன்றிலிருந்தே தொடங்குங்கள். பெருந்தொகை அனுப்பும் வாரத்தில் "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று மின்னஞ்சல் வந்தால் நம்பாதீர்கள். முதல் நாள் தந்த கடிதத்தில் உள்ள எண்ணுக்குப் பேசி உறுதிப்படுத்திக்கொண்டு அனுப்புங்கள்.

சொலிசிட்டரோடு தகராறு வந்தால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். எட்டு வாரத்தில் தீராவிட்டால் சட்டச் சேவைப் புகார்களை விசாரிக்கும் லீகல் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் இல்லை. நிறுவனத்தின் இறுதிப் பதில் கைக்கு வந்துவிட்டால் அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் போய்விட வேண்டும்.