சப்பாத்தியின் அறுபதில் ஒரு துண்டு

ஒரு கைப்பிடி மைதாவை எடுத்துத் தண்ணீர் தெளித்து, பூரி மாவுப் பதத்துக்குப் பிசையுங்கள். ஈரத்துணி போட்டு அரை மணி நேரம் மூடி வையுங்கள். அப்புறம் அந்த உருண்டையை ஒரு பாத்திரத் தண்ணீருக்குள் வைத்து, துணி கசக்குவது போல மெல்லக் கசக்குங்கள். தண்ணீர் பால் போல வெளுக்கும். அதைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் ஊற்றுங்கள். ஏழெட்டுத் தடவை இப்படிச் செய்தால் மாவுச்சத்தெல்லாம் கரைந்து போய்விடும். கடைசியில் கையில் மிஞ்சுவது, மென்று முடித்த பபிள்கம் மாதிரி இழுபடும் ஒரு சின்ன உருண்டை. அதுதான் குளூட்டன் என்ற புரதம்.

பரோட்டா மாஸ்டர் மாவை வீசி வீசி வேட்டி போல விரிக்கும்போது அது கிழியாமல் இருப்பதும், ரொட்டி உப்பி நிற்பதும் இதனால்தான். அரிசி மாவில் இதே வேலையைச் செய்து பாருங்கள், கையில் எதுவும் தங்காது. உலகம் கோதுமையைக் கொண்டாடுவதற்கு இந்த இழுவைத்தன்மை ஒரு முக்கியக் காரணம். ஆனால் சிலருடைய சிறுகுடலை இதே பொருள்தான் சத்தமில்லாமல் அரித்துத் தள்ளுகிறது. அந்த நோயின் பெயர் சீலியாக்.

என் அக்கா குடும்பம் டெல்லியில் இருக்கிறது. அக்கா மகள் நாலு வயது வரை நன்றாகத்தான் இருந்தாள். பிறகு எடை ஏறவே இல்லை. கை கால் குச்சியாக, வயிறு மட்டும் உப்பலாக இருக்கும். அடிக்கடி வயிற்றுப்போக்கு. ரத்தசோகை என்று ஒன்றரை வருடம் இரும்புச்சத்து டானிக் கொடுத்தார்கள், ஹீமோகுளோபின் அசையவில்லை. ஆனால் ஒவ்வொரு கோடை விடுமுறைக்கும் திண்டுக்கல் பக்கம் எங்கள் ஊருக்கு வந்தால் இரண்டு வாரத்தில் குழந்தை தெளிந்துவிடும். "நம்ம ஊர்த் தண்ணிதான் புள்ளைக்கு ஒத்துக்குது" என்பார் அம்மா. நாங்களும் அப்படித்தான் நம்பினோம். ஒத்துக்கொண்டது தண்ணீர் அல்ல, இட்லியும் சோறும் என்பது அவளுடைய ஆறாவது வயதில், ஒரு ரத்தப் பரிசோதனைக்குப் பிறகுதான் எங்களுக்குப் புரிந்தது.

குடலுக்குள் நடப்பது என்னவென்று பார்ப்போம். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீளமான சரம். நம் வயிற்றிலும் குடலிலும் உள்ள நொதிகள் அந்தச் சரத்தைக் கத்தரி போல வெட்டிப் பொடியாக்கும். அப்போதுதான் உடம்பு அதை உறிஞ்ச முடியும். குளூட்டனில் புரோலின் என்ற அமினோ அமிலம் மிக அதிகம். புரோலின் வரும் இடத்திலெல்லாம் சரம் வளைந்து முடங்கிவிடும், கத்தரி உள்ளே நுழையாது. 2002ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், செரிமான நொதிகள் எதற்கும் மசியாமல் 33 அமினோ அமில நீளத்துக்கு ஒரு குளூட்டன் துண்டு முழுசாக மிஞ்சுவதைக் கண்டுபிடித்தார்கள். இது நோயாளிகளுக்கு மட்டும் நடப்பதல்ல. கோதுமை சாப்பிடும் எல்லோருடைய குடலிலும் இந்தத் துண்டுகள் மிஞ்சத்தான் செய்கின்றன. பெரும்பாலோருக்கு அவை எந்தத் தொந்தரவும் தராமல் போய்விடும்.

சீலியாக் உள்ளவர்களுக்கு அங்கே ஒரு விபரீதம் நடக்கிறது. குடல் சுவரைத் தாண்டி உள்ளே போகும் துண்டை, டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதி சந்திக்கிறது. திசுக்களில் காயம் பட்டால் ஒட்டுப்போடுவது இதன் வேலை. அது இந்தத் துண்டில் உள்ள குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தைக் குளூட்டமேட்டாக மாற்றிவிடுகிறது. மாற்றம் மிகச் சின்னது, ஆனால் துண்டுக்கு இப்போது எதிர்மின்னூட்டம் வந்துவிடுகிறது.

நம் நோய் எதிர்ப்புச் செல்களின் மேற்பரப்பில் எச்.எல்.ஏ. என்ற மூலக்கூறுகள் இருக்கின்றன. கண்ணில் பட்ட புரதத் துண்டை ஏந்திப் பிடித்து, 'இது யார் என்று பார்' என, உடம்பின் காவல் படையான டி செல்களிடம் காட்டும் தட்டுகள் இவை. ஒவ்வொருவருக்கும் மரபுவழியில் ஒவ்வொரு வகைத் தட்டு. அதில் டிக்யூ2, டிக்யூ8 என்ற இரண்டு வகைகளின் குழியில், அந்த மின்னூட்டம் பெற்ற குளூட்டன் துண்டு அச்சில் வார்த்தது போலப் போய் உட்கார்ந்துகொள்கிறது. டி செல்கள் அதைப் பகைவன் என்று எடுத்துக்கொண்டு போரைத் தொடங்குகின்றன. சாப்பாட்டில் கோதுமை இருக்கும்வரை போர் ஓயாது. போகப் போக, துண்டை மாற்றிக்கொடுத்த சொந்த நொதிக்கு எதிராகவே உடம்பு எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. அதனால்தான் இதை ஒவ்வாமை என்று சொல்லாமல், உடம்பு தன்னையே தாக்கிக்கொள்ளும் நோய்களின் பட்டியலில் வைக்கிறார்கள்.

அடி விழுவது குடலுறிஞ்சிகள் மீது. சிறுகுடலின் உட்புறம் டர்க்கி டவல் மாதிரி. ஒரு மில்லிமீட்டர்கூட எட்டாத விரல் விரலான நீட்சிகள் லட்சக்கணக்கில் நெருக்கமாக நிற்கும். உணவின் சத்தை உறிஞ்சும் பரப்பு அதுதான். போர் நீண்டால் அந்த விரல்கள் குட்டையாகி, கடைசியில் பாய் விரித்தது போலத் தட்டையாகிவிடும். டவல் துடைக்கும், பாய் துடைக்குமா? சேதம் அதிகமாக இருப்பது சிறுகுடலின் தொடக்கப் பகுதியில். இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதும் பெரும்பாலும் அதே இடத்தில்தான். எத்தனை பாட்டில் டானிக் குடித்தும் எங்கள் வீட்டுக் குழந்தையின் ரத்தசோகை தீராததற்கு இதுதான் காரணம்.

வயிற்றுப்போக்கு இருந்தால்தான் சீலியாக் என்று நினைப்பது பெரிய தவறு. பெரியவர்கள் பலருக்கு வயிற்றில் ஒரு தொந்தரவும் இருக்காது. விடாத ரத்தசோகை, சின்ன வயதிலேயே எலும்புத் தேய்வு, திரும்பத் திரும்ப வரும் வாய்ப்புண், காரணம் தெரியாத கருச்சிதைவு, முழங்கையிலும் முட்டியிலும் அரிக்கும் கொப்புளங்கள் என்று இது பல வேஷத்தில் வரும். முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ள குழந்தைகளிடமும், தைராய்டு சுரப்பியை உடம்பே தாக்கும் நோய் உள்ளவர்களிடமும் இது கூடுதலாகக் காணப்படுகிறது.

இதற்குக் காரணம் கோதுமைதான் என்று பிடிக்க மருத்துவ உலகத்துக்கு ரொம்ப நாள் ஆனது. 1888ல் லண்டன் மருத்துவர் சாமுவேல் கீ இந்த நோயைத் தெளிவாக விவரித்தார். இதற்குத் தீர்வு உண்டென்றால் அது சாப்பாட்டில்தான் இருக்கும் என்றும் எழுதினார். அவர் பார்த்த ஒரு குழந்தை, தினமும் ஒரு லிட்டருக்கும் மேல் டச்சு மட்டி சாப்பிட்டு அருமையாகத் தேறியது. மட்டி கிடைக்கும் பருவம் முடிந்ததும் பழையபடி படுத்துவிட்டது. 1924ல் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் வாழைப்பழ உணவுமுறையைக் கொண்டுவந்தார். குழந்தைகள் பிழைத்தார்கள், ஆனால் பிழைக்கவைத்தது வாழைப்பழம் என்று அவர் நம்பினார். அந்த உணவில் ரொட்டி இல்லாமல் போனதுதான் விஷயம் என்பது தெரியவில்லை.

முடிச்சை அவிழ்த்தவர் விலெம் டிக்கே என்ற நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர். 1930களிலேயே அவருக்குக் கோதுமை மேல் சந்தேகம். 1944-45 குளிர்காலத்தில், ஜெர்மானியப் பிடியில் இருந்த மேற்கு நெதர்லாந்தில் கடும் பஞ்சம் வந்தது. ரொட்டிக்கு வழியில்லாமல் மக்கள் துலிப் கிழங்கைக்கூட வேகவைத்துத் தின்றார்கள். ஊரே பட்டினியில் வாடிய அந்த நாட்களின் அனுபவம் அவருடைய சந்தேகத்தை மேலும் வலுவாக்கியது. போர் முடிந்தபின் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து, குழந்தைகளின் மலத்தில் வீணாகும் கொழுப்பை அளந்தார். கோதுமை மாவு கொடுத்தால் வீணாவது கூடியது. அரிசி கொடுத்தால் ஒன்றும் ஆகவில்லை. 1950ல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் இதை ஆய்வேடாகச் சமர்ப்பித்தார். பசித்த நாட்டின் குழந்தைகளைக் கூர்ந்து பார்த்த அந்த மனிதருக்கு எங்கள் வீட்டுக் குழந்தையும் கடன்பட்டிருக்கிறாள் என்றே நினைக்கிறேன்.

சரி, இது நமக்கு ஏன்? 'தமிழர்களுக்கு இதெல்லாம் வராது' என்று அக்காவிடமே பலர் சொன்னார்கள். 2016ல் வெளிவந்த ஓர் இந்திய ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. டெல்லியை ஒட்டிய பகுதி, அசாம், வேலூர் பக்கம் என மூன்று இடங்களில் 23,000க்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பரிசோதித்தார்கள். சீலியாக்கைக் காட்டும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தது வடக்கே நூற்றுக்கு 1.23 பேருக்கு, வடகிழக்கே 0.87, தெற்கே 0.10. அதாவது நம் பக்கம் ஆயிரத்தில் ஒருவர். அப்படியென்றால் அந்த டிக்யூ2, டிக்யூ8 மரபணு நமக்குக் குறைவா? இல்லை. மூன்று இடத்திலும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆட்களிடம் அது இருந்தது. வித்தியாசம் தட்டில். வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கே 25 கிராம்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வடகிழக்கிலும் கோதுமை குறைவுதான், 37 கிராம். ஆனாலும் நோய் நம்மைவிடப் பல மடங்கு. ஆகவே கோதுமையின் அளவு மட்டுமே முழுக் கணக்கும் அல்ல. அந்த மரபணு இருப்பவர்களிலும் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்க நோய் வருவதில்லை. ஆனால் மரபணு நம்மிடமும் சமமாக இருக்கிறது என்பது உறுதி. அதைப் பெரும்பாலும் உறங்கவைத்தது சோறு என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். இன்றைக்குச் சர்க்கரைக்காக ராத்திரி சப்பாத்தி, காலையில் பிரெட், பிள்ளைகளுக்கு நூடுல்ஸ், தெருமுனையில் பரோட்டா என்று நம் தட்டு மாறிக்கொண்டிருக்கிறது. விடாத ரத்தசோகையோடு வரும் ஒருவரைப் பார்க்கும்போது நம் ஊர் மருத்துவர்களுக்கும் இந்த நோய் ஞாபகத்துக்கு வர வேண்டும்.

சந்தேகம் வந்தால் முதலில் செய்ய வேண்டியது கோதுமையை நிறுத்துவது அல்ல. இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் நிறையப் பேர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அந்த டிரான்ஸ்குளூட்டமினேஸுக்கு எதிரான எதிர்ப்பொருளை ரத்தத்தில் பார்ப்பதுதான் முதல் பரிசோதனை. அதன் பிறகு எண்டோஸ்கோப்பி வழியாகக் குடலில் சின்னத் துணுக்கு எடுத்துப் பார்ப்பார்கள். கோதுமையை நிறுத்திவிட்டுப் போனால் எதிர்ப்பொருள் இறங்கியிருக்கும், விரல்கள் முளைத்திருக்கும், 'உங்களுக்கு ஒன்றும் இல்லை' என்று அனுப்பிவிடுவார்கள். வழக்கம்போலச் சாப்பிட்டுக்கொண்டே பரிசோதிக்க வேண்டும். ஒருவருக்கு உறுதியானால் பெற்றோர், உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லோரும் ரத்தம் கொடுத்துப் பார்ப்பது நல்லது.

மருந்து இன்னும் இல்லை. அந்த நொதியைத் தடுக்கும் ஒரு மாத்திரை குடல் சேதத்தைக் குறைப்பதாக 2021ல் ஓர் ஆய்வு வந்தது, ஆனால் அது இன்னும் சிகிச்சையாகவில்லை. இப்போதைக்குச் சிகிச்சை ஒன்றே. குளூட்டன் உள்ள கோதுமை, பார்லி, ரை என்ற மூன்று தானியங்களையும் வாழ்நாள் முழுக்க விட வேண்டும். மைதா, ரவை, சேமியா எல்லாம் கோதுமைதான். பாரம்பரிய ரகம் என்று சம்பா கோதுமையைச் சிலர் பரிந்துரைப்பார்கள், அதிலும் குளூட்டன் உண்டு.

எவ்வளவு சாப்பிட்டால் கெடுதல்? தினமும் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் உள்ளே போனாலே குடல் பழுதாவதை ஆய்வில் பார்த்திருக்கிறார்கள். ஒரு சப்பாத்தியில் சுமார் 3 கிராம் குளூட்டன் இருக்கும். அதை அறுபது துண்டாகப் பிய்த்தால் ஒரு துண்டில் இருப்பது 50 மில்லிகிராம். "ஒரு வாய்தானே, ஒன்னும் ஆகாது" என்று விருந்தில் வற்புறுத்தும் அத்தைகளும் சித்திகளும் அந்த ஒரு துண்டை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

நம் சமையலைப் பொறுத்தவரை பாதி வேலை முன்னோர்களே முடித்து வைத்துவிட்டார்கள். இட்லி, தோசை, இடியாப்பம், புட்டு, ஆப்பம், பொங்கல், கேப்பைக் களி, கம்பங்கூழ், தினை, சாமை, வரகு எதிலும் குளூட்டன் கிடையாது. விலை கூடிய 'குளூட்டன் இல்லாத' பிஸ்கட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை. நோய் இல்லாதவர்கள் கோதுமையை விடவும் வேண்டியதில்லை.

ஆபத்து மறைந்திருப்பது வேறு இடத்தில். பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். நாம் வாங்குவது பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம், அதில் பிசினோடு கோதுமை மாவோ மைதாவோ சேர்ந்திருக்கும். சாம்பார், ரசம், மோர், ஊறுகாய் எல்லாவற்றிலும் அது விழுகிறது. அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கடையில் கிடைக்கிறது, பார்த்து வாங்க வேண்டும். மால்ட் கலந்த சத்து பானங்களில் பார்லி இருக்கும். ஓட்டலில் சப்பாத்தி போட்ட கல்லிலேயே தோசை ஊற்றுவார்கள், பூரி பொரித்த எண்ணெயிலேயே வடையும் போடுவார்கள்.

அப்புறம் மாவு மில். கேழ்வரகைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால், முதலில் வந்து விழும் இரண்டு கை மாவு நமக்கு முன்னால் அரைத்தவருடையது. அவர் கோதுமை அரைத்திருந்தால் நம் கேழ்வரகு முழுக்கக் கெட்டது. கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. அக்கா ஒரு வருடம் எல்லாம் சரியாகச் செய்தும் மகளின் எதிர்ப்பொருள் அளவு இறங்காமல் நின்றதற்குக் காரணம் அந்த மில்தான். இப்போது வீட்டிலேயே மிக்ஸியில் திரித்துச் சலித்துக்கொள்கிறார்.

குடல் மன்னிக்கும் குணம் உள்ளது. அதன் உட்பூச்சுச் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாகிக்கொண்டே இருப்பவை. கோதுமை நின்றால் விரல்கள் திரும்ப முளைக்கும், குழந்தைகளுக்குச் சீக்கிரமாக, பெரியவர்களுக்குச் சில சமயம் இரண்டு வருடத்துக்கு மேலாகவும் ஆகும். அக்கா மகளுக்கு இப்போது பதினொரு வயது. வகுப்பில் உயரமானவர்கள் வரிசையில் நிற்கிறாள்.

போன கோடையில் அவர்கள் ஊருக்கு வருவதற்கு முன்பே, அம்மா சந்தையில் ஒரு புதுத் தோசைக்கல் வாங்கி வந்தார். எண்ணெய் தடவி இரண்டு நாள் பழக்கி, கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டி, தனி ஆணியில் மாட்டினார். வீட்டில் யார் சப்பாத்தி சுட்டாலும் அந்தக் கல்லை எடுக்கக் கூடாது.