நாக்கை மடிப்பதை விட்டுவிட்டு இரத்த வகையில் தொடங்கலாம்

குமரி மாவட்டத்தில் பிள்ளை பிறந்த வீட்டுக்குப் போனால், "இது அப்படியே அவனுக்க தாத்தாக்க மூக்கு" என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இந்தப் பேச்சைக் கேட்டே வளர்கிறார்கள். அப்பாவிடம் இல்லாதது தாத்தாவிடமிருந்து பேரனுக்கு எப்படி வந்தது என்ற கேள்வி அவர்களுக்கு இயல்பாகவே வரும். பண்புகள் தலைமுறை தாண்டி வரும் முறையைக் கண்டறிந்த மெண்டல் பாடத்தில் வருவதோ பத்தாம் வகுப்பில். அதுவரை அவர்களைக் காத்திருக்க வைக்க வேண்டியதில்லை. ஆனால் சொல்லிக்கொடுக்கும்போது, நாக்கைக் குழாய்போல மடிக்க வருவது ஒற்றை மரபணுவால்தான் என்ற பழைய உதாரணத்தை விட்டுவிட்டு, உண்மையான உதாரணங்களைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மட்டி வாழையிலிருந்து தொடங்கலாம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற நம் கன்னியாகுமரி மட்டியை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. கிழங்கிலிருந்து முளைக்கும் கன்றைப் பிரித்து நடுகிறோம். தாய்வாழையின் மரபணுக்கள், அதாவது பண்புகளுக்கான டிஎன்ஏ குறிப்புகள், அப்படியே கன்றிலும் இருக்கின்றன, அதனால் பழத்தின் ருசி மாறுவதில்லை. மனிதர்கள் விஷயம் வேறு. பெரும்பாலான மரபணுக்கள் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கின்றன, ஒன்று அம்மா கொடுத்தது, மற்றது அப்பா கொடுத்தது. நாம் பெற்றோராகும்போது அந்த இரண்டில் ஏதோ ஒன்றைத்தான் பிள்ளைக்குக் கொடுக்கிறோம். எதைக் கொடுக்கிறோம் என்பது நம் கையில் இல்லை.

ஒரே மரபணுவுக்கு வெவ்வேறு வடிவங்கள் உண்டு. அவற்றை அல்லீல்கள் என்கிறோம். இரண்டு பிரதிகளும் வேறு வேறாக இருக்கும்போது எதன் விளைவு வெளியே தெரிகிறதோ அது ஓங்கு பண்பு, தெரியாமல் போவது ஒடுங்கு பண்பு. இங்கேதான் பெரும்பாலான வகுப்புகள் நின்றுவிடுகின்றன. ஒன்று மற்றொன்றை அடக்கிவிட்டது என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்கிறார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டினால் அந்த எண்ணம் போய்விடும்.

மெண்டல் 1866-இல் வெளியிட்ட பட்டாணிச் சோதனையையே எடுத்துக்கொள்வோம். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் கலந்தார். முதல் தலைமுறையில் எல்லாமே உருண்டை. அடுத்த தலைமுறையில் 5474 உருண்டை, 1850 சுருங்கியவை, அதாவது ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. காரணம் 1990-இல்தான் தெரியவந்தது. மாவுச்சத்தைக் கிளைகளாகப் பிரித்து அடுக்கும் ஒரு நொதி, அதாவது வேதிவேலை செய்யும் புரதம், உண்டு. சுருங்கிய விதையில் அந்த நொதிக்கான மரபணுவின் நடுவே வேறொரு டிஎன்ஏ துண்டு புகுந்து அதைக் கெடுத்திருக்கிறது. மாவுச்சத்து சரியாக உருவாகாததால் சர்க்கரை மிஞ்சுகிறது, அது கூடுதல் நீரை இழுக்கிறது, காயும்போது விதை சுருங்கிவிடுகிறது. நல்ல பிரதி ஒன்று இருந்தாலே விதை உருண்டையாகும் அளவுக்கு நொதி கிடைத்துவிடும். கெட்ட பிரதியை யாரும் அடக்கவில்லை, அதனிடம் தருவதற்கு எதுவும் இல்லை, அவ்வளவுதான். நல்லது ஒன்றும் கெட்டது ஒன்றும் கொண்ட விதையின் மாவுமணிகளை நுண்ணோக்கியில் பார்த்தால், அவை இரண்டு வகைக்கும் இடைப்பட்ட வடிவில் இருக்கும்! கண்ணுக்கு ஓங்கு பண்பாகத் தெரிவது நுண்ணோக்கியில் அப்படித் தெரிவதில்லை.

மனிதரில் இதே பாடத்துக்கு மிகப் பொருத்தமானது ஏ, பி, ஓ இரத்த வகை. ஏ வடிவ மரபணு ஒரு நொதியை உண்டாக்கி, சிவப்பணுவின் மேல் ஒரு வகைச் சர்க்கரையை ஒட்டுகிறது. பி வடிவம் வேறொரு சர்க்கரையை ஒட்டுகிறது. பெரும்பாலான ஓ வடிவங்களில் மரபணுவின் டிஎன்ஏ எழுத்துகளில் ஒரேயொரு எழுத்து விடுபட்டுப்போய், நொதி பாதியிலேயே அறுந்துவிடுகிறது. அதனால் ஏ-யும் ஓ-வும் சேர்ந்தால் ஏ, பி-யும் ஓ-வும் சேர்ந்தால் பி. ஏ-யும் பி-யும் சேர்ந்தால் இரண்டு சர்க்கரையும் ஒட்டும், அதுதான் ஏபி. தென்னிந்தியாவில் அதிகமாக இருப்பதோ ஒடுங்கு பண்பான ஓ வகைதான். இன்னொரு பக்கம், கையில் ஆறு விரல் பல குடும்பங்களில் ஓங்கு பண்பாகவே வருகிறது, ஆனாலும் அபூர்வம். ஓங்கு என்றால் அதிகம் பேரிடம் இருப்பது என்றோ நல்லது என்றோ பொருள் கொள்ள இடமே இல்லை.

சரி, நாக்கை மடிப்பது? வகுப்பில் பிள்ளைகள் எல்லாரும் நாக்கை நீட்டிச் சிரிக்கலாம் என்பதால் அந்த உதாரணம் இன்னும் போகாமல் இருக்கிறது. 1940-இல் மரபியலாளர் ஆல்ஃபிரெட் ஸ்டர்டெவன்ட் அதை ஓங்கு பண்பு என்று எழுதினார். ஆனால் 1952-இல் வேறொரு ஆய்வாளர் 33 ஜோடி ஒத்த இரட்டையரைப் பார்த்தபோது, 7 ஜோடிகளில் ஒருவருக்கு மடிக்க வந்தது, மற்றவருக்கு வரவில்லை. மரபணுக்கள் ஒன்றேயான இரட்டையர் இவர்கள். ஸ்டர்டெவன்டே பிறகு தன் கருத்தை விட்டுவிட்டார். ஒற்றை மரபணுவின் வேலை என்று சொல்லப்படும் ஒட்டிய காதுமடலும் இப்படித்தான்: 2017-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று காதுமடலோடு தொடர்புடைய 49 மரபணு இடங்களைக் கண்டது. தாத்தாவின் மூக்கு, உயரம், நிறம் எல்லாமே பல மரபணுக்கள் சேர்ந்து செய்யும் வேலை. நிறத்தைச் சொல்லிப் பிள்ளைகளைக் கேலி செய்வது இன்னும் ஓயாத ஊரில், அது ஒற்றை மரபணுவின் வேலை இல்லை என்பதை வகுப்பில் ஒரு முறையாவது அழுத்திச் சொல்ல வேண்டும்.

வீட்டில் எல்லாருடைய இரத்த வகையையும் கேட்டு எழுதிவரச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். தத்தெடுக்கப்பட்ட பிள்ளை இருக்கலாம். 2017 ஒக்கிப் புயலில் அப்பாவைக் கடலில் இழந்த பிள்ளைகள் நம் கடற்கரை ஊர்களில் இருக்கிறார்கள். அறிவியலே இங்கே கவனம் கேட்கிறது: 1952-இல் மும்பையில் கண்டறியப்பட்ட பம்பாய் இரத்த வகையில், சர்க்கரை ஒட்டுவதற்கான அடித்தளமே உருவாவதில்லை. ஏ மரபணு உள்ளே இருந்தாலும் சாதாரணப் பரிசோதனை ஓ என்றே காட்டும், அவருடைய பிள்ளை ஏ-யாகப் பிறக்கலாம். அடையாள அட்டைகளில் இருக்கும் இரத்த வகைகளைப் பெயரில்லாமல் கூட்டி வகுப்புக்கு ஒரு பட்டியல் போட்டாலே போதும்.

அப்புறம் மஞ்சாடி விதை விளையாட்டு. இரண்டு பை, அம்மாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு விதை (ஓங்கு அல்லீல்), வெள்ளை அடித்த ஒரு விதை (ஒடுங்கு அல்லீல்). பார்க்காமல் இரண்டு பையிலிருந்தும் ஒவ்வொன்று எடுத்தால் ஒரு பிள்ளை. எழுதிக்கொண்டு திரும்பப் போட வேண்டும். நான்கு முறை எடுத்தால் நான்கு பிள்ளைகள். நான்கில் ஒன்றுக்குக் கட்டாயம் இரண்டும் வெள்ளையாக வரும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். கணக்குப்படி சரியாக ஒன்றுக்கு மட்டும் வருவது 42 சதவீதம். ஒன்றுக்குக்கூட வராமல் போவது 32 சதவீதம். முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்றுக்கு வராது என்று பெரியவர்களே நம்புகிறார்கள். பைக்கு முந்தைய பிள்ளை நினைவிருக்காது. ஒவ்வொரு முறையும் நான்கில் ஒன்றுதான்.

இதே விதைகளால் சொந்தத்தில் திருமணத்தையும் விளக்கலாம். தாத்தாவிடம் நோய் தரும் ஒடுங்கு அல்லீல் ஒரே ஒரு பிரதி இருக்கிறது, அவருக்கு ஒன்றும் செய்யவில்லை. அது அவர் மகனுக்கு வர வாய்ப்பு 1/2, அந்த மகன் வழிப் பேத்திக்கு 1/4. மகள் வழிப் பேரனுக்கும் 1/4. மாமன் மகளும் அத்தை மகனுமான இவர்கள் திருமணம் செய்தால், இருவரிடமும் அது இருக்க வாய்ப்பு 1/16, பிள்ளைக்கு இரண்டும் சேர 1/64. தாய்மாமனைக் கட்டினால் 1/32. அதே பேரன், நூறில் ஒருவரிடம் அந்த அல்லீல் இருக்கும் வெளிக்குடும்பத்தில் பெண் எடுத்தால் 1/1600. முறைப்பெண்ணைக் கட்டியவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் நலமாகவே இருக்கிறார்கள், அவர்களில் சிலர் அந்த வகுப்பிலேயே உட்கார்ந்திருப்பார்கள். அதனால் இதைப் பயமுறுத்தாமல், கணக்காகவே சொல்ல வேண்டும். அத்துடன், கடும் இரத்தசோகை தரும் பரம்பரை நோயான பீட்டா தலசீமியா போன்றவற்றில் ஒருவரிடம் ஒற்றைப் பிரதி இருக்கிறதா என்பதை இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம், அதைத் திருமணம் பேசும் முன்பே செய்துகொள்ளலாம் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புங்கள்.