கண்காணிப்புக் கோபுரமா, காட்சிக் கோபுரமா?

"கண்காணிப்புக் கோபுரத்தில் பார்வையாளர்களுக்குப் புதிய திகில் அம்சங்கள்." அண்மையில் ஒரு சுற்றுலாச் செய்தியில் படித்த தலைப்பு இது. பயணக் காணொளிகளிலும் இதே பெயரைப் பலமுறை கேட்டு, சகித்துக்கொண்டு போயிருக்கிறேன். இந்த முறை முடியவில்லை. சிறை மதிலின் மூலையில் நிற்பது கண்காணிப்புக் கோபுரம். எல்லை வேலியோரமும் காட்டுத்தீயைக் கவனிக்கக் காட்டுக்குள்ளும் நிற்பது கண்காணிப்புக் கோபுரம். டிக்கெட் வாங்கி, லிஃப்டில் ஏறி, ஊர் முழுவதையும் மேலிருந்து பார்த்து மகிழ்கிற இடத்துக்கும் அதே பெயரா?

ஆங்கிலத்தில் அது 'அப்சர்வேஷன் டவர்'. லத்தீன் 'அப்செர்வாரே' என்பதிலிருந்து வந்தது. எதிரே நின்று காத்தல் என்பது அதன் பழைய பொருள். ஆங்கிலத்துக்கு வந்தபின் விதியைக் கடைப்பிடித்தல், கவனித்தல், கண்காணித்தல் எனப் பல பக்கம் கிளைத்தது. கோபுரத்தின் பெயரில் இருப்பது இவற்றில் எதுவுமில்லை. வெறுமனே காட்சி காணுதல்தான். அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து ஒட்டினால் வருகிற கோளாறு இது.

'கண்காணிப்பு' என்பதில் கண்ணும் இருக்கிறது, காணலும் இருக்கிறது, அப்புறம் என்ன குறை என்று கேட்பவர்கள் உண்டு. சொல்லை உடைத்துப் பார்த்தால் சரிதான். ஆனால் உடைத்த துண்டுகளைக் கூட்டினால் மட்டும் சொல்லின் பொருள் வந்துவிடாது. மேலிருந்து வேலையை மேற்பார்க்கிறவரைத்தான் தமிழ் நெடுங்காலமாகக் 'கண்காணி' என்கிறது. கண்காணி இல்லையென்று எண்ணிக் கள்ளம் செய்கிறார்கள், கண்காணி இல்லாத இடமே இல்லை என்று திருமூலர் பாடும்போது அந்தக் கண்காணி இறைவன்; தப்பு செய்கிறவனை விடாமல் பார்க்கிறவன். இலங்கை, மலாயாத் தோட்டங்களில் தொழிலாளர்களை வேலை வாங்கிய 'கங்காணி' இதே சொல்லின் பேச்சு வடிவம். அது ஆங்கிலத்துக்கும் அப்படியே போயிற்று. இவ்வளவு சுமை ஏறிய சொல் இது. பார்க்கிறவருக்கு அதிகாரம், பார்க்கப்படுகிறவருக்கு அச்சம் என்கிற உறவு அதற்குள்ளேயே இருக்கிறது. விடுமுறையில் பிள்ளைகளோடு மேலே ஏறுகிறவருக்கு யார்மேல் என்ன அதிகாரம்?

இப்போது இந்தக் கோபுரங்களுக்கு வந்திருக்கிற புது விளையாட்டுகளைப் பாருங்கள், சிக்கல் இன்னும் தெளிவாகத் தெரியும். டொராண்டோவின் சிஎன் கோபுரத்தில் 1994-லேயே கண்ணாடித் தரை போட்டுவிட்டார்கள். 2011-இல் 'எட்ஜ்வாக்' வந்தது. 356 மீட்டர் உயரத்தில், கைப்பிடி இல்லாத ஒன்றரை மீட்டர் அகல விளிம்பில், உடம்பில் பூட்டிய கச்சையை மேலே ஓடும் தண்டவாளத்தோடு இணைத்துக்கொண்டு, கையை விட்டு நடக்க வேண்டும். கூடவே பயிற்சி பெற்ற பணியாளர் ஒருவர் வருவார். இதைத் தமிழில் எழுதுகிறவர் என்ன எழுதுவார்? "கண்காணிப்புக் கோபுரத்தில் பணியாளரின் கண்காணிப்பில் பயணிகள் நடக்கிறார்கள்." ஒரே வாக்கியத்தில் ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. இரண்டாவது கண்காணிப்பு சரியானது; உயிர் சம்பந்தப்பட்டது. முதலாவதை அதே சொல்லால் எழுதினால் இரண்டாவதன் கனம் குறைந்துபோகிறது. பணியாளர் கண்காணிக்கிறார், பயணி காட்சி காண்கிறார். இரண்டுக்கும் தமிழில் தனித்தனிச் சொல் இருக்கும்போது ஏன் குழப்ப வேண்டும்?

மற்ற மொழிக்காரர்கள் இதில் தடுமாறவில்லை. ஜப்பானியர் 'தெம்போதாய்' என்கிறார்கள். தொலைவைப் பார்க்கும் மேடை. 634 மீட்டர் உயரமுள்ள தோக்கியோ ஸ்கைட்ரீயின் பார்வைத் தளங்களின் பெயர்களிலும் 'தெம்போ' என்பது உண்டு. ஜெர்மானியரின் சொல்லும் வெளிக்காட்சி காணும் கோபுரம் என்றே பொருள்படும்.

சரி, என் பரிந்துரை: காட்சிக் கோபுரம். மேலே மக்கள் நின்று பார்க்கும் தளத்துக்குக் காட்சிமாடம். மாடம் என்றாலே உயரத்தில் இருப்பது. தனியாக விளக்க வேண்டியதில்லை. மலைப்பாதைகளில் 'காட்சிமுனை' என்ற பலகையைப் பார்த்து எவரும் குழம்பியதில்லை. அந்தப் பழகிய தடத்திலேயே இதுவும் போகட்டும். 'நோக்குக் கோபுரம்' என்பாரும் உண்டு. நல்ல தமிழ்தான், ஆனால் இன்றைய வழக்கில் நோக்கு என்றதும் கருத்துநிலை என்ற பொருளே முந்திக்கொள்கிறது. 'அவதானிப்புக் கோபுரம்' வானிலைக் கருவிகளை வைத்துக் குறிப்பெடுக்கிறவர்களுக்குப் பொருந்தலாம், காட்சி பார்க்க வருபவர்களுக்கு வேண்டாம். கோபுரம் என்றால் கோயில் வாயிலில் நிற்பது, அதை டவருக்குச் சொல்லலாமா என்று கேட்கும் தூய்மைவாதிகளோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் ஈஃபிலைக் கோபுரம் என்று தமிழ்நாடே சொல்லிப் பழகிவிட்டது. எல்லாருக்கும் விளங்குகிற சொல்லைப் பிடுங்கி எறிவதில் எனக்கு உடன்பாடில்லை. விளங்காமல் தடுக்கிற சொல்லோடுதான் என் வழக்கு.

அந்தத் தலைப்பின் பின்பாதிக்கு வருவோம். 'திகில்' என்பது திடீரென்று நெஞ்சைக் கவ்வும் பயம். ஆங்கிலத்து 'த்ரில்' பழைய காலத்தில் துளைத்தல் என்ற பொருளில் இருந்தது. பிறகு உடம்பை ஊடுருவிப் பாயும் உணர்ச்சியைக் குறித்தது. அதில் பயமும் உண்டு, மகிழ்ச்சியும் உண்டு. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளில் அச்சத்தையும் உவகையையும் தனித்தனியே வைக்கிறது. இந்த விளையாட்டுகளில் இரண்டும் ஒன்றாக வருகின்றன, மயிர் சிலிர்க்கிறது. ஆக்லாந்தின் ஸ்கை டவரில் 192 மீட்டரிலிருந்து கம்பிவடத்தில் குதிக்கிறவர் கீழே வந்ததும் சிரிக்கிறார், திகில் மட்டும் என்றால் அந்தச் சிரிப்பு எங்கிருந்து வரும்? சிகாகோவின் வானளாவிக் கட்டடம் ஒன்றில் 2014-இல் வந்த 'டில்ட்', அதன் 94-ஆம் மாடியின் கண்ணாடிச் சுவரோடு மனிதர்களை வெளிப்பக்கம் 30 பாகை சாய்க்கிறது. அதற்கும் சிலிர்ப்பு என்ற சொல்லே பொருந்தும். 'அம்சங்கள்' என்பது எதற்கு வேண்டுமானாலும் போட்டு நிரப்பும் சொல். இன்னும் சிலர் 'புதிய ஈர்ப்புகள்' என்கிறார்கள். உயரத்திலிருந்து குதிக்கிற இடத்தில் ஈர்ப்பு என்றால் புவியீர்ப்புதான் முதலில் நினைவுக்கு வரும்.

எனக்கு வருத்தம் என்னவென்றால், இந்த மொழிபெயர்ப்புகளில் யாரும் அந்த இடத்தைக் கற்பனை செய்து பார்ப்பதே இல்லை. சொல்லுக்குச் சொல் மாற்றிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். இயந்திரம் அப்படிச் செய்தால் புரிந்துகொள்ளலாம். அது தந்ததைத் திருத்த உட்காரும் மனிதர், அங்கே நிற்பவர் யார், என்ன செய்கிறார் என்று ஒரு நிமிடம் யோசித்திருந்தால் அந்தத் தலைப்பு இப்படி வந்திருக்கும்: "காட்சிக் கோபுரத்தில் புதிய சிலிர்ப்பு விளையாட்டுகள்."

எழுதும்போது அந்த 'க்' விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 'காட்சி கோபுரம்' என்று ஒற்றில்லாமல் இப்போதே சிலர் எழுதத் தொடங்கிவிட்டார்கள்.