‘சீட்’ வேறு, ‘டிஸப்பாயிண்ட்’ வேறு

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர்களுக்கு (ஆர்டர் பேசி, சரக்கு போய்ச் சேரும்வரை கவனிப்பவர்கள்) மெயில் எழுதும் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாடு முடிந்ததும் முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு பிரிண்ட் அவுட்டை நீட்டினார். அவர் கம்பெனியிலிருந்து பையரின், அதாவது சரக்கு வாங்குபவரின், ஏஜென்டுக்குப் போன மெயில். நடுவில் ஒரு வரிக்கு அடியில் சிவப்பு மையால் கோடு போட்டிருந்தது. “வீ ஆர் சீட்டட் (cheated) பை யுவர் ரிப்பீட் ஆர்டர்.”

நடந்தது இவ்வளவுதான். ரிப்பீட் ஆர்டர் 10,000 பீஸ் வரும் என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள். வந்தது 4,000. அதை நம்பி நூலை வாங்கிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்த மெர்ச்சண்டைசர் தம்பி, வயிற்றெரிச்சலில் இப்படி எழுதிவிட்டார். ஏஜென்ட் ஆபீஸிலிருந்து உடனே போன். “நாங்க என்ன மோசடி பண்ணிட்டோம்? எழுத்துல விளக்கம் கொடுங்க.”

அந்தத் தம்பி என் வகுப்பில்தான் இருந்தார். கேட்டேன்.

“ஏனுங் மேடம், ஏமாந்துட்டோம்னுதானுங்க எழுதுனேன். அதுல என்னங்க தப்பு?”

அவர் நினைத்த தமிழில் ஒரு தப்பும் இல்லை. நம் ‘ஏமாற்றம்’ இரண்டு சுமையைத் தூக்குகிற சொல். சீட்டுக் கம்பெனிக்காரன் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடினாலும் ஏமாந்துட்டோம் என்கிறோம். ஆசையாகப் போன கல்யாணத்தில் பாயசம் தீர்ந்துபோயிருந்தாலும் ஏமாந்துட்டோம் என்கிறோம். “இந்த வருஷமும் மழை ஏமாத்திடுச்சு” என்று விவசாயி சொன்னால் மழை மேல் யாரும் கேஸ் போடுவதில்லை. எது வஞ்சகம், எது வெறும் வருத்தம் என்பதைக் கேட்கிறவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார்.

ஆங்கிலம் இந்த இரண்டையும் தனித்தனி அறையில் வைத்திருக்கிறது. வேண்டுமென்றே பொய் சொல்லி, நம்ப வைத்து, லாபம் பார்த்தால் அது ‘சீட்’. எதிர்பார்த்தது நடக்கவில்லை, அதனால் மனம் வாடியது என்றால் ‘டிஸப்பாயிண்ட்’. இரண்டாவதில் கெட்ட எண்ணம் இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. முதல் சொல்லோ சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 415-ஆவது பிரிவு ‘சீட்டிங்’ என்றால் என்ன என்று வரையறுத்தது. அடுத்து வந்த 420 நம் ஊரில் வசவாகவே ஆகிவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 318-ஆவது பிரிவு. ஆக, அந்தத் தம்பி எழுதிய ஒரு வார்த்தை, பையரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டது. “வீ ஆர் டிஸப்பாயிண்டட் வித் தி ஆர்டர் குவாண்டிட்டி” என்று எழுதியிருந்தால் ஏஜென்ட் இரண்டாயிரம் பீஸாவது கூடக் கேட்டு வாங்கித் தந்திருப்பார் என்பது என் கணக்கு.

(இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் சொந்தமில்லை. ஆங்கிலத்தில் ‘டிஸெப்ஷன்’ என்றால் வஞ்சகம். அதே எழுத்துகளால் ஆன பிரெஞ்சுச் சொல்லுக்கு வெறும் ஏமாற்றம் என்றுதான் பொருள். பிரெஞ்சும் ஆங்கிலமும் படிக்கும் மாணவர்கள் இதில் தவறாமல் வழுக்கி விழுவார்கள்.)

சரி, சரியான சொல்லைப் பிடித்துவிட்டோம். அதைப் பயன்படுத்தும்போது இன்னொரு பள்ளம் இருக்கிறது. என் வகுப்பில் பாதிப் பேர் “ஐ டிஸப்பாயிண்ட்” அல்லது “ஐ ஆம் டிஸப்பாயிண்டிங்” என்று சொல்வார்கள். காரணம் சோம்பேறித்தனம் இல்லை, தினமும் பேசுகிற தமிழ். “டிஸப்பாயிண்ட் ஆயிட்டேன்” என்கிறோம் அல்லவா? வினைச்சொல்லின் மொட்டை வடிவத்தை எடுத்து ‘ஆயிட்டேன்’ ஒட்டினால் நமக்கு வேலை முடிந்தது. ஆங்கிலம் எழுதும்போது ‘ஆயிட்டேன்’ உதிர்ந்துவிடுகிறது, மொட்டை வடிவம் மட்டும் மிஞ்சுகிறது.

பள்ளிக்கூடத்தில் படித்த தன்வினை, பிறவினை ஞாபகம் இருக்கிறதா? மாறு, மாற்று. ஏறு, ஏற்று. அதே வரிசையில் ஏமாறு, ஏமாற்று. ஆங்கில ‘டிஸப்பாயிண்ட்’ எப்போதும் பிறவினை. இன்னொருவருக்கு அந்த உணர்வைக் கொடுப்பது. “தி சாம்பிள் டிஸப்பாயிண்டட் அஸ்” என்றால் சாம்பிள் எங்களுக்கு ஏமாற்றம் கொடுத்தது. ஏமாறியது நாமாக இருந்தால் ‘ஆம்’, ‘வாஸ்’, ‘ஆர்’ ஏதாவது ஒன்று முன்னால் நின்று, கடைசியில் ‘ஈடி’ சேரவேண்டும்: “ஐ ஆம் டிஸப்பாயிண்டட்.” ‘டிஸப்பாயிண்டிங்’ என்பது ஏமாற்றம் தருகிற பொருளுக்கு. “ஐ ஆம் டிஸப்பாயிண்டிங்” என்று நீங்கள் சொன்னால் “நான் பார்ப்பவர்களுக்கெல்லாம் ஏமாற்றம் தரும் ஆள்” என்று உங்களைப் பற்றி நீங்களே சொல்லிக்கொள்கிறீர்கள். இன்டர்வியூவில் ஒருவர் இதைச் சொல்லி, எதிரே இருந்தவர் வாய்க்குள் சிரித்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

நான் சொல்லிக்கொடுக்கும் வழி: மனதில் தமிழாக ஓடட்டும். ‘பண்ணிட்டான்’ என்று வந்தால் முன்னால் ‘ஆம்’, ‘வாஸ்’, ‘ஆர்’ எதுவும் வேண்டாம், யாரை என்பதைச் சேர்த்து எழுதுங்கள். ‘ஆயிட்டேன்’ என்று வந்தால் அவற்றில் ஒன்றும் கடைசியில் ‘ஈடி’யும் இல்லாமல் விடாதீர்கள்.

ஸ்பெல்லிங்கில் பாதிப் பேர் இரண்டு எஸ், ஒரு பி போடுவார்கள். சொல்லைப் பிரித்துப் பாருங்கள். ‘டிஸ்’, பிறகு ‘அப்பாயிண்ட்’. பிரெஞ்சிலிருந்து 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தபோது இதற்கு ஒருவரைப் பதவியிலிருந்து இறக்குவது என்றுதான் அர்த்தம்; கொடுத்த அப்பாயிண்ட்மென்டைப் பிடுங்குவது. மனவருத்தம் எல்லாம் பிறகு ஒட்டிக்கொண்டது. டிஸ்ஸில் ஒரு எஸ், அப்பாயிண்டில் இரண்டு பி. இதற்கு மேல் மனப்பாடம் தேவையில்லை.

இனி, பணம் போகிற இடம். எழுதுவதைவிட வாசிப்பதில்தான் நம் ஆட்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். வேறொரு கம்பெனியில் பார்த்தது: இங்கிலாந்து பையர், 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) என்று பேசி, அனுப்பிய பீஸின் துணி 168 ஜிஎஸ்எம்தான் இருந்திருக்கிறது. ஐந்து சதவீதம் விட்டுக்கொடுத்தாலும் 171-க்குக் கீழே போகக்கூடாது. பையர் எழுதினார்: “வீ ஆர் எ லிட்டில் டிஸப்பாயிண்டட் வித் தி ஃபேப்ரிக் வெயிட்.” மெர்ச்சண்டைசர் ‘எ லிட்டில்’ என்பதைப் படித்து, கொஞ்சம்தான் வருத்தமாம் என்று ஒரு “நோட்டட்” போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். பத்தாவது நாள், பணத்தைப் பிடித்துக்கொள்கிறோம் என்று டெபிட் நோட் வந்தது.

ஆங்கிலேயர்கள் கோபத்தைக் குறைத்துச் சொல்லிப் பழகியவர்கள். ‘கொஞ்சம் ஏமாற்றம்’ என்று அவர்கள் எழுதினால் நம் ஊர் முதலாளி மேசையைத் தட்டுகிற சத்தமாக அதைக் கேட்டுக்கொள்வது நல்லது. ‘வெரி டிஸப்பாயிண்டட்’ என்றால் மெயிலை மூடிவிட்டுப் போனை எடுங்கள்.

கூட வரும் சின்னச் சொல்லையும் பாருங்கள். ‘வித்’ வந்தால் பெரும்பாலும் பொருள் மீதோ நடந்த காரியத்தின் மீதோ வருத்தம். ‘டிஸப்பாயிண்டட் இன் யூ’ என்று வந்துவிட்டால் விஷயம் சரக்கைத் தாண்டி ஆளிடம் வந்துவிட்டது. “உங்களை நான் இப்படி நினைக்கலை” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அந்தக் கனம்.

பதில் எழுதும்போது “டோன்ட் ஃபீல் சார்” என்று ஆறுதல் சொல்லாதீர்கள். ‘ஃபீல் பண்ணாதீங்க’ என்பது நாம் உருவாக்கிய தமிழ். ஆங்கிலக்காரருக்கு அது பாதியில் நின்ற வாக்கியம். “வீ ஆர் ஸாரி டு ஹாவ் டிஸப்பாயிண்டட் யூ” என்று ஒரு வரி, அடுத்த வரியிலேயே எடை ஏன் குறைந்தது, எத்தனை பீஸ், என்றைக்குள் சரிசெய்வீர்கள். மன்னிப்பு நீண்டால் பையருக்குச் சந்தேகம்தான் வரும்.

சீட்டட் என்று எழுதிய தம்பி இப்போது சீனியர் மெர்ச்சண்டைசர். போன ஏப்ரலில் ஒரு நாள் ராத்திரி வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பியிருந்தார், ஆங்கிலத்திலேயே: “மேடம், காட் மை இன்க்ரிமென்ட் லெட்டர். வெரி டிஸப்பாயிண்டட்.”

ஒரு எஸ், இரண்டு பி, கடைசியில் ஈடி. எல்லாம் சரியாக இருந்தது.