உள்ளே இருக்கும் கோப்புக்கும் உரிமம் உண்டு

2021 மார்ச் 24 அன்று, ரூபி ஆன் ரெயில்ஸ் கொண்டு இணையத்தளம் உருவாக்கும் பலருடைய வேலை திடீரென நின்றது. நிரலில் பிழை இல்லை, சர்வரும் பழுதாகவில்லை. மைம்மேஜிக் என்ற சிறு நிரல் தொகுப்பின் பழைய பதிப்புகள், நிரலாளர்கள் எடுத்துப் பயன்படுத்தும் பொதுக் களஞ்சியத்திலிருந்து விலக்கப்பட்டிருந்தன. ரெயில்ஸ் தேடிய பதிப்பு அங்கே இல்லை. விலக்கக் காரணமாக இருந்தது ஓர் உரிமச் சிக்கல்.

மைம்மேஜிக் செய்யும் வேலை எளியது. ஒரு கோப்பைக் கொடுத்தால் அது படமா, பி.டி.எஃப் ஆவணமா, ஒலிப்பதிவா என்று சொல்லும். அதற்கு எந்த வகைக் கோப்பில் என்ன அடையாளம் இருக்கும் என்ற பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியலை ஷேர்டு மைம் இன்ஃபோ என்ற வேறொரு திட்டத்திலிருந்து எடுத்துத் தன்னுள் வைத்திருந்தது. பட்டியலுக்கு ஜி.பி.எல் உரிமம், மைம்மேஜிக்கின் மேல் எழுதியிருந்ததோ எம்.ஐ.டி உரிமம். மைம்மேஜிக்கை மார்செல் என்ற தொகுப்பு பயன்படுத்தியது. மார்செலை ரெயில்ஸ் பயன்படுத்தியது. இப்படி இரண்டு படி தாண்டி, யாரும் கவனிக்காமலே, ஒரு ஜி.பி.எல் கோப்பு எம்.ஐ.டி உலகத்துக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

இதில் என்ன கேடு? இரண்டும் நிரலை எவரும் எடுத்துப் பயன்படுத்த விடும் திறமூல உரிமங்கள்தானே என்று தோன்றும். ஆனால் அவை கேட்பவை வேறு வேறு. எம்.ஐ.டி உரிமம் மிகக் குறைவாகக் கேட்கிறது: பதிப்புரிமை அறிவிப்பையும் உரிம வாசகத்தையும் பிரதியோடு சேர்த்துக் கொடுங்கள், பிறகு விற்கலாம், மூடி வைக்கலாம், எதுவும் செய்யலாம். ஜி.பி.எல் அப்படி விடாது. அந்த நிரலைக் கலந்து செய்த மென்பொருளை இன்னொருவர் கையில் கொடுத்தால், மனிதர் படித்துத் திருத்தக்கூடிய மூலநிரலையும் அதே உரிமைகளோடு கொடுக்க வேண்டும். குடியிருப்பவர் வாடகை வீட்டை விற்க முடியாது. தொகுப்பவரும் தனக்குக் கிடைக்காத உரிமையைப் பிறருக்கு வழங்க முடியாது. வெளியே எம்.ஐ.டி என்று எழுதிவிட்டதால் உள்ளே இருக்கும் கோப்பின் நிபந்தனை மாறிவிடாது.

ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். ஜி.பி.எல் கடமை பிறப்பது பயன்பாட்டில் அல்ல, விநியோகத்தில். தன் சர்வரிலேயே ரெயில்ஸை ஓட்டுபவருக்கு இதனால் பெரிய சிக்கல் இல்லை. அதை வாடிக்கையாளரின் கணினியில் நிறுவிக் கொடுப்பவருக்குத்தான் சிக்கல். சில நாட்களில் தீர்வு வந்தது. மைம்மேஜிக்கை விட்டுவிட்டு, அப்பாச்சி உரிமத்தில் கிடைத்த டீக்கா திட்டத்தின் பட்டியலுக்கு மார்செல் மாறியது.

இத்தகைய உரிம வாசகங்களை யாராவது மீறினால் என்ன செய்ய முடியும் என்ற கேள்விக்கு 2008 ஆகஸ்டில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று பதில் சொன்னது. வழக்கு பொம்மை ரயில் கட்டுப்பாட்டு மென்பொருளைப் பற்றியது. ஆர்ட்டிஸ்டிக் என்ற திறமூல உரிமத்தில் வெளியிட்ட கோப்புகளை ஒரு நிறுவனம் எடுத்து, ஆசிரியர் பெயரையும் பதிப்புரிமை அறிவிப்பையும் சேர்க்காமல் தன் மென்பொருளில் விநியோகித்தது. இலவசமாகக் கொடுத்த பொருளானாலும் அதன் நிபந்தனைகளை மீறுவது பதிப்புரிமை மீறலாகக் கூடும் என்றது நீதிமன்றம். பெயர் குறிப்பிடுவது வெறும் மரியாதை என்று நினைத்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பைப் படிக்கச் சொல்வேன். பணம் வாங்காமல் எழுதுபவருக்குக் கிடைக்கும் ஒரே கூலி பல நேரம் அந்த ஒற்றை வரிதான்.

எல்லா உரிமங்களும் இந்த இரண்டு துருவங்களில் நிற்பதில்லை. ஜி.பி.எல்லின் தளர்ந்த வடிவமான எல்.ஜி.பி.எல் உரிமத்தில் வரும் நிரல் நூலகத்தை மூடிய மென்பொருளோடு இணைக்கலாம்; ஆனால் பயனர் அந்த நூலகத்தின் திருத்திய பதிப்பை மாற்றிப் பொருத்த வழி இருக்க வேண்டும். அப்பாச்சி 2.0 உரிமத்தில் வரும் தொகுப்பில் நோட்டீஸ் என்ற கோப்பு இருந்தால் அதிலுள்ள அறிவிப்புகளையும் கொண்டுபோக வேண்டும். எழுத்துருக்களுக்கும் இப்படி உண்டு. நோட்டோ சான்ஸ் தமிழ் வெளிவரும் ஓப்பன் ஃபான்ட் உரிமம், எழுத்துருவை எந்த மென்பொருளோடும் சேர்த்து விற்க விடுகிறது. தனியாக விற்க விடுவதில்லை.

சங்கிலி நீளும்போது கடைசியில் பெட்டியை விற்பவர் தலையில்தான் எல்லாம் விழுகிறது. லின்க்சிஸ் நிறுவனத்தின் டபிள்யூ.ஆர்.டி.54ஜி வைஃபை ரூட்டருக்குள் ஜி.பி.எல் உரிமம் கொண்ட லினக்ஸ் இயங்குதளம் இருப்பதை 2003இல் ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். மூலநிரல் எங்கே என்று கேட்டார்கள். அதே ஆண்டு லின்க்சிஸை வாங்கியிருந்த சிஸ்கோவுக்கு அந்தக் கேள்வியும் சேர்ந்தே வந்தது. மூலநிரல் வெளியானது. அதை அடித்தளமாக வைத்து 2004இல் ரூட்டர்களுக்கான திறமூல மென்பொருளை உருவாக்கும் ஓப்பன்டபிள்யூ.ஆர்.டி திட்டம் தொடங்கியது. தயாரித்த நிறுவனங்கள் கைவிட்ட பல ரூட்டர்களுக்கு இன்றும் பாதுகாப்புத் திருத்தங்கள் அங்கிருந்துதான் கிடைக்கின்றன.