அழுத்தப் புண்: சொல் விளக்கம்

நகர முடியாமல் படுத்தோ உட்கார்ந்தோ இருப்பவரின் உடலில், எலும்பு மேடிட்ட இடங்களில் தோலும் அதன் அடியிலுள்ள சதையும் நசுங்கி, இரத்த ஓட்டம் தடைபட்டு உண்டாகும் புண். வால் எலும்பும் குதிகாலும் இடுப்பின் பக்கவாட்டும் எளிதில் பாதிக்கப்படும்.

மருத்துவர்கள் இன்றும் எழுதும் 'டெக்யூபிடஸ்' என்ற சொல், படுத்துக்கொள்வதைக் குறிக்கும் இலத்தீன் வினையிலிருந்து வந்தது. நம் 'படுக்கைப்புண்' என்பதும் அதே கருத்துதான். ஆனால் படுக்கை மட்டுமே காரணமல்ல. சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் வரும். ஆக்சிஜன் குழாய் உறுத்தும் காதின் பின்புறத்திலும் வரும்.

காரணத்தைச் சரியாகச் சுட்டும் பெயர் 'பிரஷர் அல்சர்'. அதைத் தமிழ்நாட்டு வார்டில் அப்படியே சொன்னால் குழப்பமே மிஞ்சும். நம் பேச்சில் பிரஷர் என்றால் இரத்தக் கொதிப்பு, அல்சர் என்றால் வயிற்றுப்புண். பார்த்துக்கொள்ளும் மகளுக்கு அப்பாவின் முதுகைத் திருப்பிப் பார்க்கவே தோன்றாது. 2016-இல் இந்தப் புண்களுக்கான அமெரிக்காவின் தேசிய ஆலோசனைக் குழு, முதல் நிலையில் தோல் கிழிவதில்லை என்பதால் 'அல்சர்' என்பதைக் 'காயம்' என்று பொருள்படும் சொல்லாக மாற்றியது. வாதம் நியாயமானது. ஆனாலும் தமிழில் காயம் என்றால் அடிபட்டது என்றே படும். ஆகவே 'அழுத்தப் புண்' என்பதையே பரிந்துரைக்கிறேன்.

அழுத்தத்தை நீக்குவதுதான் தடுக்கும் வழி. அது ஒரு செவிலியரால் மட்டும் ஆகிற காரியமல்ல. தனியாக இழுத்து நகர்த்தினால் தோல் விரிப்போடு ஒட்டி நிற்க, உள்ளே சதை நகர்ந்து இரத்தக் குழாய்கள் நைந்துபோகும். அதனால் இருவர் இருபுறமும் நின்று, விரிப்பைப் பிடித்துத் தூக்கியே நகர்த்த வேண்டும். முதுகுப்பக்கம் தலையணை கொடுத்து 30 பாகை சாய்த்து, கெண்டைக்காலுக்கு அடியில் இன்னொன்று வைத்தால் குதிகால் எதிலும் படாது. ஒருவர் பிடித்திருக்கும்போதே மற்றவர் தோலைப் பார்த்துவிடலாம். சிவந்த இடத்தை விரலால் அழுத்தியும் வெளுக்கவில்லையென்றால் அது முதல் நிலை. நம்மைப் போன்ற கருத்த தோலில் சிவப்பு தெரியாமல் போகும். சூட்டையும் இறுக்கத்தையும் தொட்டுத்தான் அறிய வேண்டும். அந்த இடத்தைத் தேய்த்துவிடுவது கேடு.

பார்த்ததை அடுத்த ஷிப்டுக்குச் சொல்வதும் இதே வேலைதான். "7 மணிக்கு இடப்பக்கம் திருப்பினோம், வலது குதிகால் சூடாக இருக்கிறது" என்று சொல்லாமல் போனால், இரவுப் பணிக்கு வருபவர் அந்தக் குதிகாலைப் பார்க்கவே விடிந்துவிடும்.