நீல டார்ச்சில் சிவந்தால் மட்டும் போதாது

மொகல் தெருவிலும் ஸ்காட் மார்க்கெட்டிலும் மாணிக்கக் கல் வாங்கப் போகிற பலர் கையில் இப்போது ஒரு சின்னப் புற ஊதா டார்ச் இருக்கிறது. கல் மேல் அடிக்கிறார்கள், கல் சிவப்பாக ஒளிர்கிறது, "மொகோக் கல்தான், சந்தேகமே இல்ல" என்று பேரம் முடிந்துவிடுகிறது. மொகோக் என்பது மேல் பர்மாவின் பேர்போன மாணிக்கச் சுரங்க ஊர். ரங்கூனில் கல் சோதனையே தொழிலாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த ஒளிர்வை மட்டும் நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள். ஆலையில் செய்த மாணிக்கம் பெரும்பாலும் மொகோக் மாணிக்கத்தைவிடப் பளிச்சென்று சிவக்கும்.

ஏன் என்று தெரிந்துகொண்டால் ஏமாறுவது குறையும். மாணிக்கம் என்பது அலுமினியம் ஆக்சைடு. நீலக்கல்லும் அதே பொருள்தான். அலுமினியத்தின் இடத்தில் கொஞ்சம் குரோமியம் நுழைந்துவிட்டால் கல் சிவக்கிறது. அந்தக் குரோமியம் ஊதா, பச்சை ஒளிகளை உள்ளே இழுத்துக்கொண்டு, அதில் ஒரு பங்கை 694 நானோமீட்டர் அலைநீளத்தில் அடர் சிவப்பாக வெளியே விடுகிறது. 1960இல் தியோடர் மைமன் உலகின் முதல் லேசரை மாணிக்கத் தண்டிலிருந்து எடுத்ததும் இதே சிவப்பில்தான். கல்லுக்குள் இரும்பு சேர்ந்திருந்தால் அது இந்த ஒளிர்வை அடக்கிவிடும். மொகோக் மாணிக்கம் சலவைக்கல் பாறையில் விளைந்தது, இரும்பு மிகக் குறைவு, அதனால் நன்றாக ஒளிரும். தாய்லாந்தின் சந்தபுரிப் பக்கத்து மாணிக்கம் எரிமலைப் பாறையோடு வந்தது, இரும்பு கூடுதல், டார்ச்சில் மங்கலாகவே நிற்கும். இதுவரைக்கும் வியாபாரிகள் சொல்வது சரிதான்.

ஆனால் இரும்பு குறைவாக இருப்பது மொகோக்கில் மட்டுமா? பிரெஞ்சு வேதியியலர் வெர்னுய் 1902இல் வெளியிட்ட முறையில், சுத்தமான அலுமினாத் தூளோடு குரோமியம் கலந்து, சுடரில் உருக்கிச் சொட்டுச் சொட்டாக மாணிக்கம் வளர்க்கிறார்கள். அதில் இரும்பு கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஒளிர்வை அடக்க ஆளில்லை. குற்றலை எனப்படும் 254 நானோமீட்டர் விளக்கில் வைத்தால் வித்தியாசம் இன்னும் கூடும்: ஆலைக்கல் அங்கேயும் உரக்க ஒளிரும், இயற்கைக்கல் பெரும்பாலும் சற்றுத் தணிந்துவிடும். கடைத்தெருவில் கிடைக்கும் டார்ச்சுகள் 365 அல்லது 395 நானோமீட்டர். அவற்றால் இந்த வித்தியாசத்தைப் பார்க்க முடியாது.

1902 என்ற வருஷத்தை நினைவில் வையுங்கள். "இது எங்க பாட்டி காலத்து நகை, அப்ப ஏது டூப்ளிகேட்டு?" என்று நம் ஆட்கள் அடிக்கடி சொல்கிறார்கள். அப்போதே இருந்தது, தாராளமாகவே இருந்தது. பெகுப் பக்கத்திலிருந்து ஒரு அம்மா மகள் கல்யாணத்துக்காக ஒரு ஜோடிக் கெம்புத் தோட்டைக் கொண்டு வந்தார். "எங்க ஆயா போட்டிருந்தது ஐயா. சப்பான்காரன் வந்தப்ப அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சுக் காப்பாத்துனது" என்றார். ஒவ்வொரு தோட்டிலும் ஏழு கல். டார்ச்சில் எல்லாமே அழகாகச் சிவந்தன. இரண்டிலும் சுற்றியிருந்த ஆறு கல்லில் நுண்ணோக்கியின் அடியில் வேறு எதுவும் சொல்லத் தேவையில்லாதபடி வில்போல் வளைந்த வரிகள், அவற்றின் நடுவே உருண்டை உருண்டையாகக் காற்றுக் குமிழ்கள். இயற்கையில் மாணிக்கம் நேர்கோடாகவும் கோணமாகவும்தான் அடுக்கடுக்காக வளரும். வளைந்த வரி சுடரில் உருகி வளர்ந்ததன் அடையாளம். நடுக்கல் மட்டும் மொகோக் கல், உள்ளே கால்சைட் என்கிற சுண்ணக் கனிமப் படிகங்களோடு. "அப்ப ஆயா ஏமாந்துருச்சா?" என்று அந்த அம்மா கேட்டார். ஏமாந்திருக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் ஆசாரிகளே சீரான நிறத்துக்காக இந்தக் கல்லை விரும்பிப் பதித்திருக்கிறார்கள். தங்கமும் வேலைப்பாடும் அசல்தான். அடகு வைக்கும்போது ஏழு கல்லுக்கும் மாணிக்க விலை எதிர்பார்க்க முடியாது, அவ்வளவே.

மாணிக்கம் போலவே சிவந்திருக்கும் ஸ்பைனல் என்கிற வேறொரு கல்லும் மொகோக்கிலேயே கிடைக்கிறது, அதிலும் குரோமியம்தான், அதுவும் டார்ச்சில் சிவக்கிறது. இங்கிலாந்து மணிமுடியின் முன்பக்கத்தில் இருக்கும் 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' கூட ஸ்பைனல்தான் என்பதால், இதில் குழம்பியதற்கு யாரும் வெட்கப்பட வேண்டாம். இதைப் பிரிக்கப் பெரிய இயந்திரம் வேண்டாம். மாணிக்கம் தன்னுள் நுழையும் ஒளியை இரண்டாகப் பிரித்து அனுப்பும். டைக்ரோஸ்கோப் என்கிற விரல்நீளக் குழாய் வழியாகப் பார்த்தால் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கட்டங்களில் ஒன்று ஊதா கலந்த சிவப்பாகவும் மற்றது ஆரஞ்சு கலந்த சிவப்பாகவும் தெரியும். ஸ்பைனலில் இரண்டு கட்டமும் ஒரே நிறம். ஒளிவிலகல் எண்ணும் வேறு: மாணிக்கம் 1.76 முதல் 1.77 வரை, ஸ்பைனல் 1.72 அருகே. கல் வாங்கி விற்கிற தம்பிகள் டார்ச்சுக்குச் செலவழிப்பதற்கு முன்னால் இந்தக் குழாயை வாங்குவது நல்லது.

இயற்கைக்கல் என்று தெரிந்துவிட்டால் வேலை முடிந்ததா? உண்மையான தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. 1990களின் தொடக்கத்தில் ஷான் மாநிலத்து மோங்சுவில் மாணிக்கம் கிடைக்கத் தொடங்கியது. நடுவில் நீலக்கரு படிந்த கற்கள். சூளையில் சூடேற்றினால் நீலம் மறைந்து சிவப்பு துலங்கும். சூடாக்குவது தவறில்லை, ஊர் உலகம் ஏற்றுக்கொண்ட பழக்கம். சொல்லாமல் விற்பதுதான் தவறு. சூடாக்காத மொகோக் கல்லின் விலை பலமடங்கு என்பதால் சொல்லாமல் விடும் ஆசை பெரிது. இதைக் கண்டுபிடிக்க அகச்சிவப்பு நிறமாலைமானி உதவும். மோங்சுக் கல்லைச் சூடேற்றும்போது உள்ளே உண்டாகும் ஹைட்ராக்சில் பிணைப்பு 3309 என்ற அலையெண்ணில் கூர்மையான கோடாகத் தெரியும். கோடு இல்லையென்றால் சூடாக்கவில்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது, நுண்ணோக்கியும் சேர்ந்து பேச வேண்டும்.

சூடாக்கியதைவிட நான் அதிகம் கவலைப்படுவது ஈயக்கண்ணாடி நிரப்பிய கல்லைப் பற்றி. 2004 முதல் சந்தையில் பெருகியது. வெடிப்பு நிறைந்த மட்டமான கல்லின் வெடிப்புகளுக்குள் ஈயம் கலந்த கண்ணாடியை உருக்கி ஊற்றுகிறார்கள். கண்ணாடியின் ஒளிவிலகல் மாணிக்கத்துக்கு நெருக்கமாக இருப்பதால் வெடிப்பு கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. புற ஊதா டார்ச்சில் இதுவும் சிவக்கும், ஏனென்றால் கல் இயற்கைதானே! எக்ஸ்ரேயில்தான் மாட்டிக்கொள்ளும். ஈயம் எக்ஸ்ரேயைத் தடுப்பதால் வெடிப்புகள் படத்தில் கோடுகோடாகத் துலங்கும். கையில் எக்ஸ்ரே இல்லாவிட்டாலும் பத்து மடங்கு லென்ஸில் கல்லைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள், நீல நிற மின்னல் ஓடினால் உஷார். இந்தக் கல் பதித்த மோதிரத்தை ஆசாரி பற்றவைக்கச் சூடு காட்டினால் கண்ணாடி வழிந்துவிடும், எலுமிச்சைச் சாறு பட்டாலே அரிக்கும். சமையலறையில் கழற்றாமல் போட்டிருக்கும் பெண்களுக்கு இதைச் சொல்லாமல் விற்பது பெரும் அநியாயம்.

நம்மூரோடு இந்தத் துறைக்கு ஓர் உறவு உண்டு. திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன், நிதித்துறை அதிகாரியாக 1909இல் இதே ரங்கூனுக்கு மாற்றலாகி வந்து வேலை பார்த்தவர். 1928இல் அவர் கண்ட ஒளிச்சிதறல்தான் இன்று கல் சோதனைக்கூடங்களின் முதுகெலும்பு. லேசரைக் கல்லுக்குள் இருக்கும் ஒரு துகள் மேல் குவித்தால், திரும்பி வரும் ஒளியின் நிறமாற்றம் அது என்ன கனிமம் என்று சொல்லிவிடும். 1086 என்ற அலையெண்ணில் உச்சி வந்தால் கால்சைட் படிகம், அதாவது சலவைக்கல் பாறையில் விளைந்த கல். கல்லை உடைக்காமல், சுரண்டாமல், மோதிரத்திலிருந்து கழற்றாமல் இதைச் செய்ய முடிகிறது.

ஜேட் வளையல் விஷயத்தில் கதை வேறு. மண்டலே ஜேட் சந்தையில் கறுப்புத் தோலுள்ள பாறைத்துண்டின் மேல் டார்ச்சை ஒட்டிவைத்து, ஒளி எவ்வளவு தூரம் பச்சையாகப் பரவுகிறது என்று பார்த்தே லட்சக்கணக்கில் பேரம் பேசுகிறார்கள். அது அனுபவஸ்தர்களின் வித்தை, நான் குறுக்கே பேசுவதில்லை. ஆனால் மெருகேற்றிய வளையலில் அந்த வித்தை செல்லாது. 'பி ஜேட்' என்பது அமிலத்தில் ஊறவைத்துக் கறையை நீக்கி, துளைகளில் பிசின் ஏற்றியது. 'சி ஜேட்' சாயம் போட்டது. பி ஜேட் சில புற ஊதாவில் வெளிறிய நீலமாக ஒளிரும். இப்போது ஒளிராத பிசின்களும் வந்துவிட்டன. மேல்பூச்சு மெழுகோ அசல் வளையலிலும் லேசாக ஒளிரும். டார்ச்சு இரண்டு பக்கமும் தவறு செய்யும் இடம் இது. அகச்சிவப்பில் 2800 முதல் 3100 வரையிலான பகுதியில் கரிம-ஹைட்ரஜன் பிணைப்பின் உறிஞ்சல் தெரியும். ஜேட் வெட்டியெடுக்கும் ஹ்பாகன்ட் ஊர்ப் பாறைக்குள் அந்தப் பிணைப்பு இருக்க நியாயமில்லை. மெழுகா பிசினா என்பதைக் கோட்டின் வடிவம் சொல்லும். சாயப்பச்சையை, ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ராஸ்கோப் காட்டிக்கொடுக்கும்: சிவப்புப் பகுதியில் 650 நானோமீட்டர் பக்கம் ஒரு அகலமான கறுப்புப் பட்டை, குரோமியத்தால் வந்த பச்சையில் அங்கே தனித்தனிக் கோடுகள் இருக்கும்.

சான்றிதழ் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. முதல் வரியில் 'இயற்கை மாணிக்கம்' என்று இருப்பதைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். சூடு, நிரப்பல், பிசின் பற்றிய வரி கீழே இருக்கும், பெரும்பாலும் சின்ன எழுத்தில். அந்த வரியே இல்லாத சான்றிதழாக இருந்தால் அதைச் சோதித்தீர்களா என்று கூடத்தில் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கடைசியாக, தங்கக் கடைகளில் வந்திருக்கும் எக்ஸ்ரே துப்பாக்கி. நகையில் எத்தனை பங்கு தங்கம், எத்தனை பங்கு செம்பு என்று நொடிகளில் சொல்லும். ஆனால் தங்கத்தில் அது பார்ப்பது மேல்தோலைத்தான், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு ஆழம். கனமான முலாம் அதை ஏமாற்றும். அரக்கு நிரப்பிய காப்புக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. சந்தேகமென்றால் தண்ணீரில் எடை போட்டு அடர்த்தியையும் பார்க்கச் சொல்லுங்கள். சோதித்த நகையில் கதிர்வீச்சு தங்கிவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள், அப்படி எதுவும் தங்காது. பயப்பட வேண்டியது வேறு இடத்தில். ஒரு கடையில் மோதிரத்தை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு துப்பாக்கியின் வாய்க்கு நேராகக் காட்டி நாள் முழுக்க அளந்துகொண்டிருந்த பையனைப் பார்த்தேன். அந்த வாயருகே கதிரின் வீச்சு மிக அதிகம், தினமும் பட்டால் விரல் தோலைப் பாதிக்கும், பாதிப்பு உடனே வலிக்காது என்பதால் பையனுக்குத் தெரியவும் தெரியாது. நகையை மூடியுள்ள தாங்கியில் வைத்துத்தான் அளக்க வேண்டும். மூடி திறந்தால் கதிர் தானாக நிற்கும் மேசைக்கருவி இன்னும் நல்லது. உங்கள் வீட்டுப் பிள்ளை அப்படிப்பட்ட கடையில் வேலை பார்த்தால் இன்றைக்கே கேளுங்கள், மோதிரத்தை எதில் வைத்து அளக்கிறாய் என்று.